மிஸ் என்னை "ஆடு" எண்டவ

இந்தத் தையில் என் கடைக்குட்டியைப் பாலர் பாடசாலையில் சேர்த்துவிட்டு வந்த அன்று, பக்கத்து வீட்டு மலரக்கா வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னா: "நேசறியில சேர்க்கிறது புள்ளயை இல்ல கா, உன்னைத்தான்." நான் சிரித்தேன். மூத்தவன் வேலைக்குப் போகிறான். அடுத்தவள் வந்தாறுமூலையில் கம்பஸ் படிக்கிறாள். இரண்டு பேரை ஆளாக்கிய எனக்கா இவ பாடம் சொல்லுறா என்று நினைத்தேன். அந்தக் காலத்தில் நேசறி என்றால் சிலேற்று, பாட்டு, மத்தியானக் கஞ்சி, அவ்வளவுதான். இப்போது ஒரு விழா முடிந்த களைப்பு ஆறுமுன் அடுத்த விழா வந்து வாசலில் நிற்கிறது. என்னைப்போல் கேற்றடியில் நிற்கும் தாய்மாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

என் மதுசா ஆட்களைக் கண்டால் அழுகிற பிள்ளை. அவள் ஒரு தரமாவது அழாமல் மேடையில் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். முருகனிடம் இந்த வருசம் முழுக்க நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

பொங்கல்

பொங்கலுக்குத் தேவையானதைக் கொண்டுவரச் சொல்லி தாய்மாரின் வட்சப் குறூப்பில் செய்தி போட்டார்கள். எல்லாரும் கரும்பு கொண்டுவந்தோம். வட்டையில் நெல் விளைகிற ஊரில் பொங்கப் பச்சையரிசி இல்லாமல், ஒரு தகப்பன் மோட்டார் சைக்கிளில் செங்கலடிச் சந்தைக்குப் பறந்தார்.

அரிசி வந்து பால் பொங்கியதும் பிள்ளைகளைப் பாட்டுப் பாட நிறுத்தினார்கள். என்னுடையவள் என் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விறைத்து நின்றாள். அவளை இழுக்க வந்த புது மிஸ் என் நரையைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா. பிறகு மிகவும் அன்பாகச் சொன்னா: "அம்மம்மாவை விட்டுப்போட்டு வாங்க மகள், அம்மம்மா இஞ்சதான் நிப்பா."

பச்சைச் சட்டை

சிறுவர் தினத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் பச்சை உடுப்பு. மரங்களாம். செய்தி வந்தது முதல் நாள் பின்னேரம். பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனேன். ஒரு கடையில் நீலம், ஒரு கடையில் மஞ்சள். பச்சை ஒரு முழமும் இல்லை. கடைசிக் கடையில் நுழைந்து நான் வாயைத் திறக்குமுன், எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார்: "பச்சையெண்டு மட்டும் சொல்லாதீங்க தங்கச்சி. உங்கட மிஸ்மார் எனக்கும் ஒரு மெசேஜ் போட்டா நான் கொழும்பில இருந்து இறக்கி வெச்சிருப்பனே!"

அவல்

வாணி விழாவுக்கு ஆளுக்கொரு பிரசாதம் என்றார்கள். பொங்கலில் பட்டது போதும் என்று நினைத்துக்கொண்டு அவல் கொண்டுபோனேன். எல்லாத் தாய்மாரும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். சரஸ்வதிக்கு முன்னால் வரிசையாக அவல். மதுசா மேடையில் ஏறி, வாயைப் பிளந்து அழுதாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். இறக்கிவிட்ட உடனே அவல் பாத்திரத்துக்குள் கையை விட்டாள். பெரிய மிஸ் என் தோளைத் தட்டினா: "கவலைப்படாதீங்க அம்மா, அவலைத் தின்னுறதுக்கு எங்களுக்கும் ஒரு ஆள் வேணுமே."

ஆடு

யேசு பிறப்புக்கு வைக்கிற ஒளிவிழாவுக்கு முந்திய கிழமை மதுசா வீட்டுக்கு வந்து, "அம்மா, மிஸ் என்னை ஆடு எண்டவ," என்றாள். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மேடையில் நிற்க மாட்டாத பிள்ளை ஆடப்போகிறாளாம்! "தனியவா மகள்?" "இல்ல, கூட்டமா." "சலங்கை கட்டவா?" "ஓம்!" வேறென்ன கேட்க வேண்டும்? கம்பஸ்காரி தன் சிநேகிதியிடம் சலங்கை வாங்கிவந்தாள். நான் என் கலியாணச் சீலையில் தலைப்பை வெட்டி, கரை வைத்து, நடன உடுப்புத் தைத்தேன். வெள்ளைச் சட்டை என்று குறூப்பில் செய்தி வந்ததாம். காலை வணக்கப் பூப்படங்களுக்குள் அது எங்கே புதைந்ததோ!

அன்று நெற்றிச்சுட்டியும் மல்லிகையுமாக அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் பஞ்சு ஒட்டி, காது வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து திரிந்தார்கள். பெரிய மிஸ் என்னைப் பார்த்தா. சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "அம்மா," என்றா, "நான் சொன்னது 'ம்மே' எண்டு கத்துற ஆடு."

பஞ்சு

மாற்றுடுப்பு இல்லை. மிஸ்மார் மிஞ்சிய பஞ்சையெல்லாம் நடன உடுப்பின்மேல் ஒட்டினார்கள். சலங்கையைக் கழற்ற மட்டும் மதுசா விடவில்லை. பெத்லகேமில் சலங்கை கட்டிய ஆடு ஒன்று புறப்பட்டது. பின் வரிசையில் இருந்து, "முருகா, யேசப்பா, இரண்டு பேரும் சேர்ந்து இவளைப் பாருங்க" என்று கும்பிட்டேன். திரை விலகியது. அந்த நொடியே முன் வரிசைத் தாய்மார் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றார்கள்.

எனக்குத் தெரிந்தது முதுகுகளும் கொண்டைகளும்தான். சலங்கைச் சத்தம் கேட்டது. மறுகா, உரத்த ஒரு "ம்மே!" சனம் கைதட்டியது. அழுகைச் சத்தம் இல்லை. நான் எம்பிப் பார்த்தேன், கதிரையில் ஏறப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. "தங்கச்சி, கொஞ்சம் இருங்களன்," என்று முன்னால் நின்றவளைத் தொட்டேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: "நான் வீடியோ அனுப்புறன் அன்ரி, வீட்ட போய் ஆறுதலாப் பாருங்க."

வீடியோ

அனுப்பினாள், பொய் சொல்லக்கூடாது. படம் முழுக்க அவளுடைய மகன், தடி பிடித்த மேய்ப்பன். ஓரத்தில் ஒரு பஞ்சு உருண்டை ஆடி மறைந்தது. அது எங்கள் பிள்ளையா, மேடைச் சோடனையா என்று வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டார்.

மதுசா என் மடியில் ஏறி இருந்தாள். "நான் அழல்ல அம்மா. நீ என்னைப் பாத்தியா?" பொய் வாயில் வரவில்லை. "கேட்டன் மகள், நீ கத்தினது வடிவாக் கேட்டது," என்றேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "கேக்கிறதுக்கா அம்மா, பாக்கிறதுக்குத்தானே பஞ்சு ஒட்டினது?"

இந்த ஒரு வருசத்தில் நான் கரும்பு சுமந்தேன், பச்சைக்கு அலைந்தேன், கலியாணச் சீலையை வெட்டினேன், பார்க்க வேண்டியதை மட்டும் பார்க்கவில்லை. வருகிற கிழமை நேசறியை முடிக்கிற பிள்ளைகளுக்கு விடுகை விழா. மதுசா மேடைக்கு வந்து "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லப்போகிறாளாம்; இந்த முறை மிஸ்ஸிடம் நேரே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். முன் வரிசையில் இருக்கப்போகிற தங்கச்சிமாரே, அந்த இரண்டு சொல்லும் முடியும் மட்டும் எழும்பாமல் கொஞ்சம் இருங்க.