செஃபின் எங்களைப் பகலுக்குக் கொண்டுவந்த கதை

முதலில் என் மடத்தனம்

நல்ல துப்புரவுப் பணியாளன் யார் கண்ணிலும் படக்கூடாது என்று நான் பல வருடங்களாக நம்பியிருந்தேன். சுவிஸில் கட்டடம் கூட்டும் தொழிலில் அது எழுதாத சட்டம். அலுவலகக்காரர் வீட்டுக்குப் போன பிறகு நாங்கள் உள்ளே போவோம். அவர்கள் வரமுன் வெளியே வந்துவிடுவோம். சூக் நகரத்தில் நான் தினமும் துடைத்த மேசையின் சொந்தக்காரர் என்ன சொக்கிலேற் தின்பார் என்பது குப்பைக் கூடையால் எனக்குத் தெரியும். அவருடைய முகம் தெரியாது. இதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தேன். "நான் பேய் மாதிரி வேலை செய்வன், வந்து போனது தெரியாது" என்று புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பேன்.

அந்த நம்பிக்கைக்கு ஆப்பு வைத்தவர் எங்கள் முதலாளி ஜோசியான். பெண் முதலாளியை இங்கே செஃபின் என்போம்.

ஓட்டக்காரியின் கொம்பனி

ஜோசியானின் பெற்றோர் கொங்கோக்காரர். அவர் பிறந்து வளர்ந்தது லுசேர்ன் புறநகர் அடுக்குமாடிகளில். தடைதாண்டல் ஓட்டத்தில் சுவிஸ் சட்டை போட்டு ஓடியவர். (இந்த இடத்தில் தடைகளைத் தாண்டுவது பற்றி ஓர் உவமை சொல்ல எனக்குக் கை துறுதுறுக்கிறது. சொல்ல மாட்டேன்.) முழங்கால் போனதும் ஓட்டத்தை விட்டார். ஜிம் திறப்பார், சப்பாத்துக் கடை போடுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, துப்புரவுக் கொம்பனி தொடங்கினார்.

ஆள் எடுக்க அவர் விளம்பரம் போடவில்லை. தான் வளர்ந்த அடுக்குமாடிகளுக்கே போய்க் கதவு தட்டினார். கொங்கோ, எரித்திரியா, சோமாலியா ஆட்கள். எத்தனை விண்ணப்பம் போட்டாலும் ஒரு பதில்கூட வராதவர்கள். அவர்களுக்கு நிரந்தர வேலை கொடுத்தார், டொச் எனும் ஜேர்மன் மொழி வகுப்புக்குத் தானே பணம் கட்டினார், கெட்டிக்காரரைப் பொறுப்பாளர் ஆக்கினார். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் மேற்பார்வைக்கு வேண்டும் என்று என்னையும் பிடித்தார்.

"ஓடித் திரிஞ்சவவுக்கு மொப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன். முதல் கிழமையே, லிஃப்ற் கதவுக்குக் கீழே நான் விட்ட அழுக்கைக் கால் விரலால் காட்டினார். அதோடு அந்தக் கேள்வியை மடித்து வைத்துவிட்டேன்.

விஷப் பரீட்சை

ஒருநாள் கூப்பிட்டார். செஃபின் கதைப்பது சுவிஸ் டொச். என் காதுக்குள் வரும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்.

"குணா, சூக் கட்டடத்தை இனிப் பகலிலை செய்யப்போறம்."

"பகலிலையோ? அங்கை ஆக்கள் இருப்பினமே!"

"ஓம், இருப்பினம்."

"நாங்கள் கூட்டேக்கை அவையள் எங்கை போறது?"

"ஒரு இடமும் போகத் தேவையில்லை."

கட்டடக்காரர் ஒரு மாதம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிடிக்காவிட்டால் ஒப்பந்தம் வேறு கொம்பனிக்கு. அது போனால் அங்கே வேலை செய்யும் எங்கள் குழு முழுவதும் வீட்டில்.

"ஏன் செஃபின் இந்த விஷப் பரீட்சை?" என்றேன்.

"என்ரை அம்மாவும் இப்பிடி ஒரு கட்டடத்திலைதான் வேலை. நான் பள்ளிக்கூடத்தாலை வர அவ வெளிக்கிடுவா. நான் ஓடினதை ஒருநாளும் அவ நேரிலை பார்க்கேல்லை. செலாமின்ரை மகன் இப்ப பின்னேரத்திலை ஆரின்ரை வீட்டிலை நித்திரை கொள்ளுறான், தெரியுமோ?"

தெரியும். செலாம் என் குழுவில் இருக்கும் எரித்திரியப் பெண். மகனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள்.

"வேலை போகப்போகுது" என்று வீட்டில் அறிவித்தேன்.

"வதிவிடப் பேர்மிற் மாத்தேக்கையும் இதைத்தான் சொன்னியள். கொரோனாவுக்கும் சொன்னியள்" என்றாள் மனைவி.

"இந்த முறை உண்மையாப் போகப்போகுது."

"போனால் இந்த வீட்டைக் கூட்டுங்கோ. இஞ்சையும் ஒருத்தரும் நீங்கள் கூட்டிக் காணேல்லை."

சிவப்புத் துணி

முதல் நாள் காலை நான் போய் நின்ற இடம் சாமான் அறை. செஃபின் கதவைத் திறந்தார்.

"இதுக்குள்ளை என்ன செய்யிறியள்?"

"ரொய்லெற் பேப்பர் எண்ணுறன்."

"எத்தினை இருக்கு?"

"இன்னும் எண்ணி முடியேல்லை."

அவர் மொப்பை எடுத்துக்கொண்டு வரவேற்புக் கூடத்துக்குப் போய், கோட்டும் சூட்டுமாகப் போய்வருகிறவர்களுக்கு நடுவில் தரையைத் துடைக்கத் தொடங்கினார். நானும் செலாமும் பின்னால் போய் நின்றோம். வயதான ஒருவர் நின்று, "நீங்கள் அந்த ஓட்டக்காரி அல்லோ?" என்று கேட்டார்.

"ஓம். இது செலாம். அது குணா. உங்கடை மாடியை இவ்வளவு காலமும் பார்த்தது இவையள்தான்."

அவர் கை கொடுத்தார். நான் கையுறையோடு கொடுத்துவிட்டேன்.

பிறகு கண்ணாடி அறை. உள்ளே பெரிய டிரெக்டர் தொலைபேசியில். தூசி உறிஞ்சியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நான் மேசையைத் துடைக்கக் குனிந்தபோது, பின்னால் செலாமின் குரல் மெதுவாக வந்தது: "குணா, சிவப்பு!"

எங்கள் தொழிலில் நீலத் துணி மேசைக்கு. சிவப்பு கக்கூசுக்கு மட்டும். இதை மறக்கிறவனை நிற்கவைத்துப் பேசுகிறவன் நான். என் கையில் டிரெக்டரின் கோப்பிக் கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது சிவப்புத் துணி. செலாம் அதைப் பறித்து நீலத்தைத் திணித்தாள். "பேய் அண்ணை, பகலிலை நிறம் தெரியுதோ?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள். 'அண்ணை' நான் சொல்லிக் கொடுத்த தமிழ்தான்.

டிரெக்டர் திரும்பிப் பார்த்தார். ஒப்பந்தம் போச்சு, குழு போச்சு, செலாமின் மகன் திரும்பவும் பக்கத்து வீட்டில் என்று மனம் ஓட, நான் தூசி உறிஞ்சியைப் பிடித்துக்கொண்டு சிலையானேன். அவர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே "குருயெற்ஸி" என்று வணக்கம் சொல்லி, நான் கூட்ட வசதியாக இரண்டு காலையும் தூக்கினார்.

அந்த மாதத்தில் ஒரேயொரு முறைப்பாடு வந்தது. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் குணா அதிகம் கதைக்கிறார் என்று. செஃபின் அதை என் முன்னாலேயே வாசித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேயாக இருந்த காலத்தில் இப்படி ஒரு புகழ் எனக்குக் கிடைத்ததில்லை.

இளம் ஆட்களுக்கு இப்போது நான் எடுக்கும் வகுப்பு வேறு. அறைக்குள் போனால் முதலில் வணக்கம் சொல், பெயரைச் சொல், பிறகு துணியின் நிறத்தைப் பார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. ஒருவருக்கும் வேலை போகவில்லை. செலாம் பின்னேர ரயிலில் வீட்டுக்குப் போய் மகனைத் தானே படுக்க வைக்கிறாள்.