பேர் தெரியாதவருக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும்

சங்கரன்கோவில் தெற்கு ரதவீதியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் இருந்த பெரியவர் சண்முகையாவுக்குக் கை நடுக்கம் உண்டு. ரசத்தை அள்ளும்போது சிதறி, பக்கத்தில் இருந்தவர் பட்டு வேட்டியில் பட்டுவிட்டது. நாலு பேர் முகம் சுளித்தார்கள். பெரியவர் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, எதிர் வரிசையில் இருந்த முத்துக்குமாரசாமி தன் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டான். இலையெல்லாம் வெள்ளம். எல்லார் கண்ணும் அவன் பக்கம் திரும்பியது.

அவன் அப்பா அம்பலவாண பிள்ளை தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பந்தியிலேயே கடிந்துகொண்டார்.

"டாக்டருக்குப் படிக்கவன் கை இப்படியா இருக்கும்? ஒரு நிதானம் வேண்டாமாலே?"

"தெரியாம பட்டுட்டுப்பா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் துடைத்தான். அந்தச் சந்தடியில் சண்முகையா கையை வெளியே எடுத்துச் சாப்பிட்டு முடித்தார். அவன் ஏன் செம்பைத் தட்டிவிட்டான் என்பது, வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அப்பாவுக்கு விளங்கியது.

ஆனால் ஆரம்பத்தில் அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

பட்டணத்து வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்த நாளிலிருந்தே ஊர் அவனை டாக்டர் என்று கூப்பிட்டது. அப்பாவும் கூப்பிட்டார். முதல் லீவில் வந்தவன் தரையில் கால் பாவாமல் நடந்தான். அம்மா காந்திமதியம்மாள் இடுப்பு வலி என்று சொன்னால், அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொல்வான். எங்கே வலிக்கிறது என்று கேட்கமாட்டான். அதையும் பெருமையாகத்தான் அப்பா கச்சேரியில் சொன்னார்.

யுத்தம் முடியப் போகிற சமயம், ஆடி மாசம், லீவு இல்லாத நாளில் அவன் பெட்டியோடு வந்து இறங்கினான். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருந்தது. அவன் வெளியே தலைகாட்டவில்லை. சோறு இறங்கவில்லை. பரீட்சையில் தோற்றானா, யார் பெண்ணையாவது பார்த்துவிட்டானா, கல்லூரியில் விரட்டிவிட்டார்களா என்று அப்பா என்னென்னவோ நினைத்தார். அம்மா அம்பாள் சந்நிதிப் புற்றுமண்ணைக் கொண்டுவந்து நெற்றியில் பூசினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கூட்டம் வடிந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா அவனை வலுக்கட்டாயமாகக் கோவிலுக்குக் கூட்டிப் போனார். கோமதியம்மன் சந்நிதி வாசலில் அவன் நின்றுவிட்டான். உள்ளே வரமாட்டேன் என்றான். ஏன் என்று கேட்டதற்குத்தான் வாய் திறந்தான்.

"அந்த ஆள் கையில கோமதின்னு பச்சை குத்தியிருந்துதுப்பா."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். கேட்பாரற்றுச் செத்துப்போனவர்களின் உடம்பைத்தான் அங்கே அறுத்துப் படிக்கக் கொடுப்பார்கள். அவனுக்கும் கூடப் படிக்கிறவர்களுக்குமாகச் சேர்த்து ஒரு உடம்பு. பயத்தை மறைக்கப் பையன்கள் கேலி பேசுவார்கள். அந்த உடம்புக்கு ராஜா என்று பேர் வைத்தவன் இவன்தான். ஒரு நாள் அதன் விரலிடுக்கில் பீடியைச் செருகி எல்லாரையும் சிரிக்கவைத்தான். மறுநாள் அந்தக் கையையே படிக்கவேண்டி வந்தது. துடைத்தபோது எழுத்துத் தெரிந்தது.

"நம்ம ஊர்ல வீட்டுக்கு ஒரு கோமதி இருக்கா. பொண்டாட்டியோ, மகளோ. அவரு வருவாருன்னு இன்னும் பாத்துக்கிட்டு இருக்காளோ என்னமோ. அந்தக் கையில நான் பீடிய வச்சேன். அதுக்கப்புறம் கத்தியப் பிடிக்க முடியல. நான் போகமாட்டேன்பா."

தோற்கவில்லை என்று கேட்டதும் அப்பாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. இப்படியே வீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? அதற்கு என்னதான் செய்யவேண்டும் என்று கேட்டார். ஆடி அமாவாசைக்கு அந்த மனுஷனுக்கு ஒரு கை எள்ளும் தண்ணீரும் விடவேண்டும் என்றான்.

"நானே விட்டிருப்பேன். நீங்க இருக்கும்போது நான் விடக்கூடாதே."

உண்மைதான். தகப்பன் உயிரோடு இருக்கிற மகன் எள்ளைக் கையில் எடுப்பது வழக்கமில்லை. விடுவதானால் அவர்தான் விடவேண்டும். வீட்டுக்கு வந்து அவர் தவித்துப்போனார். தன் அப்பாவுக்கும் பாட்டனாருக்கும் நீர் விடுகிற கையால், என்ன சாதி, என்ன குலம் என்று தெரியாத ஒருவனுக்கா? அம்பாளே, இது என்ன சோதனை என்று பூஜை விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மனசு சம்மதிக்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. கடைசியில் சரி என்றார்.

அமாவாசையன்று பாபநாசத்தில் ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். முன்னோர்களுக்கு விட்டு முடித்ததும், இன்னும் ஒருவர் இருக்கிறார் என்று அப்பா மெல்லச் சொன்னார். சாஸ்திரிகள் பேர் கேட்டார். தெரியாது என்றார். கோத்திரம் கேட்டார். அதுவும் தெரியாது.

"பேர் தெரியாதவாளுக்கும் விடலாம், ஓய். உமக்கு அவர் என்ன வேணும்? அதையாவது சொல்லும்."

அம்பலவாண பிள்ளை திரும்பிப் பார்த்தார். மகன் மேல்படியில் ஈர வேட்டியோடு கைகட்டி நின்றிருந்தான். பக்கத்தில் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்.

"எம் மவனுக்கு வாத்தியாருன்னு வச்சுக்கிடுங்க."

எள்ளும் தண்ணீரும் விரல் வழியாக ஆற்றில் இறங்கியது. மேல்படியில் பையன் தேம்புகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எவ்வளவு குனிந்து சொல்லியும் விஷயம் ஊருக்கு வந்துவிட்டது. "என்னவே, உமக்குப் புதுசா ஒரு பங்காளி சேந்திருக்காராமே? சொத்துல பங்கு கேக்காம பாத்துக்கிடும்" என்று கச்சேரியில் ஒருவர் கேட்டார். அம்பலவாண பிள்ளையும் கூடச் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மகன் கல்லூரிக்குத் திரும்பினான். இத்தனை நாள் போகாததால் ஒரு வருஷம் வீணாயிற்று. அதற்கும் ஊர் பேசியது. ஆனால் அடுத்த லீவில் வந்தவன் அம்மாவைப் படுக்கச் சொல்லி, "எங்கன வலிக்கி, இங்கனயா?" என்று கேட்டுக் கேட்டு விரலால் தொட்டுப் பார்த்தான். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு அவன் வந்துவிடுவான். அப்பா நீர் விடும்போது மேல்படியில் நிற்பான். சாஸ்திரிகள் அதற்குப் பிறகு பேர் கேட்கவில்லை.

கடைசிப் பரீட்சைக்குப் புறப்பட்டபோது பங்குனி மாசம். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. பரீட்சை முடியட்டும் என்று மகனுக்கு மறைத்து, ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே வந்தார். வண்டி வந்ததும் அவன் அவர் காலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வீங்கியிருந்த கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது நிரம்பவில்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் போகவில்லை என்று பெட்டியைக் கீழே வைத்தான்.

"எழுதிட்டு வாய்யா. நான் எங்க போயிரப் போறேன்?" என்று அப்பாதான் அவனை வண்டிக்குள் தள்ளி ஏற்றினார். ஜன்னல் வழியாக அவர் கையை அவன் விடவே இல்லை. வண்டி நகர்ந்தது. அவரும் இரைக்க இரைக்கக் கூடவே நடந்தார். அவர்கள் ஒருவரையொருவர் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அவன் சொன்னான்.

"ஆடி அமாவாசைக்கு வந்துருதேன்பா. இந்தத் தடவையும் நீங்கதான் விடணும். நான் மேல்படியிலதான் நிப்பேன்."