அரக்குப் பெட்டியின் படம்

கல்லூரிக் கோடை விடுமுறையில் காரைக்குடியில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிக்காக வீடு வீடாகப் போய்ப் பழைய பொருட்களைப் படமெடுத்து, வீட்டுக்காரர்களை வந்து பேச அழைப்பது என் வேலை.

செக்காலைப் பகுதியில் சல்மா அக்கா, மூடியில் மயில் வரைந்த ஒரு பர்மா அரக்குப் பெட்டியைக் காட்டினார். கணவர் துபாயில், வீட்டில் அவரும் சிறுவயது மகளும்தான். நான் போனை எடுத்ததும் பெட்டியைக் கையால் மறைத்தார்.

“படம் எதுக்கு? யாரெல்லாம் பாப்பாக?”

“பிள்ளைங்க மட்டும்தான்க்கா.”

அரை மனதோடு கையை எடுத்தார். திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாரே என்று எனக்குக் கோபம். அன்று மாலையே அந்தப் படத்தை, அருங்காட்சியகத்தின் பெயரோடும் தெருப் பெயரோடும், எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டேன்.

மூன்றாம் நாள் போன் செய்தார்.

“மியூசியத்துல அனுப்புனாகன்னு ஒருத்தர் பெட்டியை விலைக்குக் கேட்டு வந்தாரு. நான் கதவைத் தொறக்கல. நீங்க அனுப்புனீகளா?”

‘இல்லை’ என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. ஆனாலும் படத்தைப் போட்டதைச் சொல்லிவிட்டேன்.

“அழிச்சிருங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். உடனே அழித்தேன்.

நிகழ்ச்சிக்கு வரமாட்டார் என்றே நினைத்தேன். வந்தார், வெறுங்கையோடு. பெட்டி மூடியிலிருந்த மயிலைக் காற்றில் வரைந்து காட்டிப் பிள்ளைகளிடம் பேசினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சந்தேகப்படுவது அவர் குணம் என்று நினைத்திருந்தேன். மகளோடு தனியாக இருப்பவருக்கு அது எவ்வளவு தேவை என்பது, அவர் பயந்ததை நானே நடத்திக் காட்டிய பிறகுதான் புரிந்தது.