பெருமாள் தலைக்கு மேலே பறந்த நாள்

போன மாதம் மகளைப் பார்க்க மெட்ராஸ் போக வேண்டியிருந்தது. ரயிலில் போகிறேன் என்றேன். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க ரயில்லயா?" என்று அவளே பிளேன் டிக்கெட் போட்டுவிட்டாள். திருச்சி விமான நிலையம் இப்போது எங்கேயோ போய்விட்டது. சுவரெல்லாம் கோபுர ஓவியம், தரையில் முகம் தெரிகிறது. வழுக்கி விழாமல் நடப்பதிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சோதனை போடுகிற இடத்தில் ஒரு சீருடைக்காரர், "சார், ஷூவக் கழட்டி ட்ரேயில வைங்க" என்றார். குனிந்து கழற்றினேன். உள்ளேயிருந்து புழுங்கின தோல் வாசனை ஒன்று வந்தது பாருங்கள், அது என்னை நேராக ரங்கராஜனிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சீருடைக்காரர் சந்தேகப்பட்டு என்னை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.

அறுபதுகளின் நடுப்பகுதி. தென்னூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் கிளை ஆபீசில் நானும் ரங்கராஜனும் குமாஸ்தாக்கள். ரங்கன் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரன். அவன் அப்பா கோவிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர். பெருமாள் விஷயம் என்றால் அந்த வீட்டில் விளையாட்டே கிடையாது. மூன்றாமவன் காதர். பெரிய கடைவீதியில் அவன் அத்தாவுக்கு டார்ச் லைட் கடை. சாயங்காலமானால் நாங்கள் கூடுவது அங்கேதான். இன்றைக்கும் புது பேட்டரியைப் பிரித்தால் வருகிற அந்த வாசனைக்கு எனக்கு டீ குடிக்கத் தோன்றும்.

அந்த வருஷம் ஊரில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்ததில் காதர் பேட்டரியாக விற்றுத் தள்ளிவிட்டான். பேட்டரிக் கம்பெனிக்காரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று பேருக்கு மெட்ராஸ் பிளேன் டிக்கெட் பரிசாக அனுப்பிவிட்டான். போவதற்கு மட்டும்தான், திரும்பி வருவது உங்கள் பாடு. காதரின் அத்தா, "கடைய யாரு பாக்குறது?" என்று நழுவிக்கொண்டார். அவன் அம்மா, "மண்ணுல இருந்து என் காலு எடுபடற அன்னைக்கி நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே காதர் எங்களைக் கூட்டிப் போவதாக ஏற்பாடாயிற்று.

ரங்கன் வீட்டில் முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அப்பா சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏண்டா ரங்கா, அந்தப் பிளேன் எந்த வழியாப் போறது?"

"நம்மாத்துக்கு மேலதாம்ப்பா. தெனம் சத்தம் கேக்கறதே."

"அப்போ கோவிலுக்கு மேலயும்தானே? பெருமாள் சயனிச்சுண்டிருக்கார். அவர் திருமுடிக்கு மேல நீ பூட்ஸ் காலத் தொங்கப் போட்டுண்டு போவியோ?"

போச்சு! அன்று சாயங்காலமே நாலு பெரியவர்கள் கூடிவிட்டார்கள். கருடன் பறக்கவில்லையா என்றார் ஒருவர். இவன் கருடனா என்றார் அப்பா. கோபுரத்தில் காக்காய் உட்காருகிறதே, அதற்குப் பாவமா என்றார் இன்னொருவர். "காக்காய் பூட்ஸ் போட்டுக்கறதில்லையே, ஸ்வாமி!" வாதம் விளக்கேற்றும் நேரத்தைத் தாண்டியும் போயிற்று. கடைசியில் தீர்ப்பு வந்தது. கோவிலுக்கு நேர் மேலே வரும்போது ரங்கன் பூட்ஸைக் கழற்றிவிட்டு, பிளேனுக்குள்ளேயே சாஷ்டாங்கமாக விழ வேண்டும். "படுத்துட்டா தலையும் காலும் ஒரே மட்டம். குத்தமில்லே. ஆனா திரும்பி வந்து எங்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லணும்" என்றார் அப்பா. அப்பாவிடம் பெருமாள் பெயரில் பொய் சொல்கிற ஜாதி இல்லை ரங்கன். சீக்கிரம் விழுந்தாலும் தப்பு, தாமதித்து விழுந்தாலும் தப்பு. தவறினால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்று அவனுக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது.

குப்புறக் கிடப்பவனுக்குக் கீழே கோவில் வருவது எப்படித் தெரியும்? ஜன்னலோரம் ஒருத்தன் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தெப்பக்குளம் ஸ்டாப்பில் நின்றுகொண்டு தூரத்தில் வருகிற பஸ்ஸின் நம்பரைப் படிப்பவன் என்று எனக்குக் கடைவீதியில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் சும்மா இருக்க விடுமா?

"எங்கிட்ட விடு" என்றேன்.

"ரெண்டு ஆறு. நடுவுல கோவில். தெக்கால மொட்டைக் கோபுரம். அது தெரிஞ்சதும் சொல்லிடு, என்ன?" என்று ரங்கன் நூறு தடவை ஒப்பித்தான். இப்போது வானத்தைத் தொடுகிறதே தெற்கு ராஜகோபுரம், அது அப்போது அடிப்பாகத்தோடு நின்றுபோய், மேலே ஒன்றுமில்லாமல் மொட்டையாக இருந்தது.

காதர் கடையில் ஒத்திகை நடந்தது. பேட்டரிப் பெட்டிகளுக்கு நடுவே ரங்கன் பூட்ஸைக் கழற்றுவான், காதர் அதை வாங்கிக்கொள்வான், நான் "இப்போ!" என்பேன், ரங்கன் விழுவான். டார்ச்சுக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் பதறிப்போய், "என்ன பாய், வலிப்பா? சாவி இருந்தா கையில குடுங்க" என்று தன் சைக்கிள் சாவியையே நீட்டினார்.

புறப்படும் நாள் வந்தது. அந்தக் காலத்தில் பெட்டியை மட்டும் அல்ல, பயணியையும் எடை போடுவார்கள். தராசில் ஏறி நின்ற காதர், காலையில் தின்ற பிரியாணி காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கடைவீதியில் பாதி வழியனுப்ப வந்திருந்தது. ரங்கனின் அப்பா மட்டும் வரவில்லை. அந்த நேரத்துக்குப் பெருமாள் முன்னால் நிற்கப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

அது டகோட்டா பிளேன். தரையில் நிற்கும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலைக் கீழே போட்டிருக்கும். உள்ளே போனால் மலைக்கோட்டைப் படி மாதிரி ஏறித்தான் போக வேண்டும். ஜன்னலோரம் நான், பக்கத்தில் ரங்கன், நடைபாதைக்கு அந்தப் பக்கம் காதர். ஏர் ஹோஸ்டஸ் அம்மாள் ஒரு தட்டில் பெப்பர்மின்ட்டும் பஞ்சும் கொண்டு வந்தார். பஞ்சு காதுக்கு என்றார். எனக்கு இருந்த நடுக்கத்தில் பஞ்சை வாயில் போட்டுக்கொண்டேன். காதர் துப்பச் சொன்ன பிறகு காதில் அடைத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உங்களிடம் என்ன வெட்கம். இறக்கையில் விசிறி சுற்ற ஆரம்பித்ததுமே நான் கண்ணை மூடிவிட்டேன். பிளேன் ஓடியது, குதித்தது, தரை விட்டுப்போனது எனக்கு அடிவயிற்றில் தெரிந்தது. சமயபுரத்தாளே, தாயே என்று ஆரம்பித்து ஊரில் ஒரு சாமி பாக்கியில்லாமல் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் காதர் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டிருந்தான். ரங்கன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு என் முழங்கையைப் பிடித்து உலுக்கினான்.

"வந்துடுத்தா?"

"இன்னும் இல்லடா."

"ஆறு தெரியறதா?"

"இல்லடா, சொல்றேன் இரு."

அத்தனையும் இறுக மூடின கண்ணோடு. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. ஒற்றைக் கண்ணை மெல்லத் திறந்தேன். கீழே பச்சைப்பசேலென்று வயல். இரண்டு ஆறும் பின்னால், இறக்கைக்கு அடியில், பளபளவென்று போய்க்கொண்டிருந்தன. நேர் கீழே ஒரு புகைபோக்கி, அதிலிருந்து கரும்புகை. அய்யய்யோ, அது மண்ணச்சநல்லூர் அரிசி மில்! கோவில் போயே போய்விட்டது.

ரங்கனைத் திரும்பிப் பார்த்தேன். கையில் ஒரு பூட்ஸை வைத்துக்கொண்டு, கண் கலங்கி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்திடம் "கோட்டை விட்டுட்டேண்டா" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"இப்போ!" என்று கத்தினேன்.

விழுந்தான். "ரங்கா!" என்று அவன் போட்ட சத்தம் என் பஞ்சைத் தாண்டிக் கேட்டது. ஆனால் ஒத்திகை பார்த்தோமே, கடைத்தரை சமதரை என்பதை யோசித்தோமா? பிளேன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிய கை தலைக்கு மேலே நீண்டிருக்க, சாஷ்டாங்கம் கலையாமல், ரங்கன் அப்படியே வாலைப் பார்க்க வழுக்கிக்கொண்டு போனான். பூட்ஸோடு கையை நீட்டி அவனைப் பிடிக்கப்போன காதரும் கூடவே போனான். ஏர் ஹோஸ்டஸ் அம்மாள், "சார்! சார்!" என்று இருவரையும் தாண்டிக் குதித்தார். நாலு வரிசை தள்ளி, ஜரிகை வேஷ்டி கட்டின ஒரு பருத்த மனிதர் தன் காலைக் குறுக்கே வைத்து ரங்கனை நிறுத்தினார். காலில் விழுந்துவிட்டான் என்று நினைத்தாரோ என்னவோ, தலையில் கையை வைத்து ஆசீர்வாதமும் செய்தார். பிறகு அவர் ஜன்னலைக் காட்டி என்னவோ சொல்ல, ரங்கன் எட்டிப் பார்த்தான். காதில் பஞ்சு, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ரங்கன் திரும்பி வந்து உட்கார்ந்து, பூட்ஸை மாட்டிக்கொண்டு, பேசாமல் பெப்பர்மின்ட் சப்பினான். பரவசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெட்ராஸில் திருவல்லிக்கேணியில் காதரின் மாமா வீடு. நாலு நாள். உயிர் காலேஜ், செத்த காலேஜ், பீச் என்று சுற்றினோம். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் அப்போது ஊர் வைத்திருந்த பெயர் அது. என் நெஞ்சில் மட்டும் அரிசி மில் புகைந்துகொண்டே இருந்தது. உயிர் காலேஜில் குரங்குக் கூண்டு முன்னால் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "ரங்கா, அந்தக் கோவில் விஷயம்…" என்று ஆரம்பித்தேன். ஒரு குரங்கு கையை நீட்டி என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டது. கூர்மையான பார்வை என்று பீற்றிக்கொண்டுதானே இத்தனை பாவமும் செய்தாய் என்று பெருமாளே குரங்கை அனுப்பியதாக எனக்குப் பட்டது. கண்ணாடி போட்டவனா தூரத்து பஸ் நம்பர் படிப்பவன் என்று கேட்காதீர்கள். அது கூலிங் கிளாஸ், பட்டணம் போவதற்காக இரவல் வாங்கினது. அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. ரங்கன் தினமும் விடியற்காலையில் குளித்துவிட்டு, பக்கத்திலிருந்த பெருமாள் கோவிலுக்குப் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தான்.

ரயிலில் ஊர் திரும்பினோம். மறுநாள் மத்தியானம் ஆபீஸ் வாசலில் ரங்கனின் அப்பா நின்றார். அன்றைக்கு ரங்கன் லீவு. கொதிக்கிற வெயிலில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். கையில் வாழையிலையில் கட்டின அரவணைப் பிரசாதம். வெல்லமும் நெய்யுமாக அந்த வாசனை ஆபீசையே நிரப்பியது.

"நீதானே ஜன்னலோரம்?" என்றார்.

"ஆமாங்க மாமா."

"அவ்வளவு ஒசரம். பயந்துட்டியோ?"

"பயமா? எனக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. மொட்டைக் கோபுரத்த நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

"சரி, சாப்பிடு" என்று பொட்டலத்தைக் கையில் வைத்துவிட்டுப் போனார். குற்றமுள்ள நெஞ்சுக்குத் தொண்டையில் இறங்காது என்பார்களே, அதெல்லாம் சும்மா. கடைசிப் பருக்கை வரை இறங்கியது. அதுதான் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

பல வருஷம் கழித்து ரங்கனின் அப்பா பரமபதித்தார். பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில், என்னால் தாங்க முடியாமல், ரங்கனிடம் உடைத்துவிட்டேன். "அன்னிக்கி நீ கும்பிட்டது கோவில இல்லடா. மண்ணச்சநல்லூர் மில்ல."

ரங்கன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான். "தெரியுமே. நான் கால்ல போய் விழுந்தேனே, அவர்தான் மில் ஓனர். 'தம்பி, அது நம்ம மில்லுதான், அதுக்கா இந்தக் கும்பிடு?'ன்னு கேட்டாரே."

"அப்போ அப்பாகிட்ட என்ன சொன்னே?"

"உள்ளத உள்ளபடி. ஆத்துக்குள்ள நொழைஞ்சதுமே சொல்லிட்டேன். 'மடப்பள்ளிக்கு அங்கேருந்துதாண்டா அரிசி வரது. பெருமாள் அமுது செய்யற அரிசிய சேவிச்சா கொறஞ்சா போயிடுவே? காக்காயப் பொறுத்துக்கறவர் உன்னையும் பொறுத்துப்பார்'னார். அப்பறம், 'அந்தப் பிள்ளை பாவம், பயத்துல சொல்ல முடியாம தவிச்சுண்டிருப்பான். நாளைக்கு அவனைப் போய்ப் பாக்கணும்'னார்."

தெரிந்தேதான் வந்திருக்கிறார் மனிதர். பயந்துட்டியோ என்று அவர் கேட்டது, நான் ஆமாம் என்று சொல்லி இறக்கி வைப்பதற்கு. நான் என்ன செய்தேன்? அவர் முகத்தைப் பார்த்து இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு, அரவணையையும் வாங்கித் தின்றேன். இப்போது போய் உண்மையைச் சொல்ல அவர் இல்லை.

ரங்கன் போய் ஆறு வருஷம் ஆகிறது. காதர் பினாங்கில் மகள் வீட்டில் இருக்கிறான். போனில் பேசினால் அவனுக்குக் காது கேட்பதில்லை, பஞ்சை எடுடா என்று நான் கத்துவேன். டகோட்டா போய்விட்டது. ஆளை எடை போடுகிற தராசு போய்விட்டது. பெப்பர்மின்ட் தட்டு, வழியனுப்புகிற கம்பி வேலி, கடைவீதியில் அந்த டார்ச் லைட் கடை, எதுவும் இல்லை. மொட்டைக் கோபுரமும் இல்லை.

போன மாதம் பிளேன் கிளம்பியபோது அதே பயம் வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன், கண்ணை மூடவில்லை. முதலில் காவேரி வந்தது. அப்புறம் ராஜகோபுரம், குருடனுக்கும் தெரிகிற மாதிரி, வெயிலில் நிமிர்ந்து நின்றது. ஷூவைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் இருக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

"இப்போ!" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

பக்கத்து இருக்கைக்காரர் காதிலிருந்ததை எடுத்துவிட்டு, "என்ன சார், ஏதாவது வேணுமா?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. பயமா இருந்துச்சு" என்றேன்.