அத்தானின் படத்தருகே ஒரு மெழுகுவர்த்தி

அக்கா கைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் மூன்று புகைப்படங்கள் இருந்தன. ஒன்று மீனவர் அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்தது. கன்னத்தின் மேல் முத்திரை பாதி விழுந்திருந்தது. இன்னொன்று கல்யாணத்தன்று எடுத்தது. புகைப்படக்காரர் அத்தானின் முகத்தை வெளுக்க வைத்து உதட்டுக்கு நிறம் ஏற்றியிருந்தார். மூன்றாவதில் அத்தான் படகின் ஓரத்தில் குனிந்து வலை இழுக்கிறார், முகம் பாதிதான் தெரியும். "இதுல ஒண்ணுலயும் அவரு இல்ல, கேட்டியா. மூணையும் சேத்தா இருப்பாரு" என்றாள். படம் வரைந்து பிழைக்கிற எனக்கு அதைவிடச் சரியாக ஒரு வேலையை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

அக்கா என் பெரியம்மா மகள். குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். பள்ளிக்கூட நாட்களில் நான் வரைந்த முகங்கள் பெரும்பாலும் அவளுடையவை. அசையாமல் உட்கார் என்றால் உட்காருகிற ஆள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். மூக்கு கோணலாக வந்துவிட்டது என்று நான் அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கப் போனால், "விடு ஏட்டி, எனக்க மூக்கு அப்பிடித்தான்" என்று பிடுங்கிக்கொண்டு போய் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைப்பாள். அவள் பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சில வருடம் கழித்து நான் நெய்யூர்ப் பக்கம் வந்தேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, பென்சிலும் கரித்துண்டுமாக வரைந்து இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்தேன்.

என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் நான் செய்ததும் புரியாது. இன்ஸ்டாகிராமில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. ஆர்டர் கொடுக்கிறவர்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள். இறந்துபோன அப்பாவை மகளின் கல்யாணப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தித் தரவேண்டும். பிள்ளையைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்த தாத்தாவின் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். வரைவதைக் கைப்பேசியில் படம்பிடித்து, வேகமாக ஓடவிட்டு, கடைசியில் முடிந்த படத்தின் அருகில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து முடிப்பேன். அந்தச் சுடரைப் பார்த்துத்தான் ஜனம் அழும், அழுதால்தான் பகிரும். குழந்தைகளின் படத்தைவிடச் செத்தவர்களின் படம் தூரம் போகும் என்பது எனக்கு வெகு சீக்கிரத்தில் பிடிபட்டுவிட்டது.

அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாமல் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. பெருங்காற்றில் சிக்கிய படகு அது. உடன் போனவர்களில் இரண்டு பேரின் உடல் கரை சேர்ந்தது, மற்றவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அத்தானின் அம்மாவை அக்கா கூப்பிடுவது போலவே நானும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். மகனுக்கு அடக்கப் பூசை வைக்க மாமி சம்மதிக்கவே இல்லை. ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தார். விவரம் தெரியாமல் யாராவது மாலை போட்டுவிடக் கூடாது என்று சுவரில் இருந்த மகனின் படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். கல்லறைத் திருநாளன்று ஊரே தோவாளைப் பூவைக் கூடைகூடையாக வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது மாமி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். மாதா சொரூபத்துக்கு முன்னால் மட்டும் தினமும் மெழுகுவர்த்தி எரியும். அது அவன் திரும்பி வருவதற்காக. அக்கா தாலியோடு அதே வீட்டில்தான் இருந்தாள். அவள் என்ன நம்பினாள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அத்தானின் சட்டைகளை மாதம் ஒருமுறை துவைத்துத் தேய்த்து மடித்து வைப்பாள்.

படம் எதற்கு என்பதையும் அவளே சொன்னாள். "பிள்ளைக்கு அவருக்க முகம் மறந்து போவுது. அன்னைக்கு பஸ்ல யாரையோ காட்டி இதுவா அப்பான்னு கேக்கா. இப்பம் எப்பிடி இருப்பாரோ அப்பிடி வரஞ்சு தா, வயசக் கூட்டிப் போடு. வந்து நிக்கும்போ பிள்ளை பயந்து ஓடப்பிடாது பாரு." மாமியும் அதற்காகத்தான் சம்மதித்திருந்தார். ஆக, உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் படத்தைத்தான் அவர்கள் என்னிடம் கேட்டார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும்.

நான்கு நாள் பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி அவ்வளவு ஏறியிருக்காது, அவருடைய அப்பாவுக்கே ஏறவில்லை என்பாள். காதுக்கு மேலே கொஞ்சம் நரை வை, உப்புக்காற்றில் கிடந்தால் சீக்கிரம் நரைக்கும் என்பாள். இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு எந்தப் புகைப்படத்திலும் இல்லை, அவள் விரலால் என் புருவத்தில் தொட்டுக் காட்டிய இடத்தில் வரைந்தேன். முடிந்தபோது வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "திருட்டு முழி அப்பிடியே இருக்கு" என்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சட்டம் போட்டு வைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று அனுப்பிவைத்தேன்.

அவள் போனபிறகு மேசையில் படத்தை நிறுத்தி, பக்கத்தில் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துப் படம்பிடித்தேன். 'கடல் கொண்டுபோன என் அத்தானுக்கு' என்று எழுதி வெளியிட்டேன். பழக்கத்தில் செய்துவிட்டேன் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பொய். முதல் தடவை எடுத்தபோது மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடிற்று. விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க இரண்டாம் தடவை எடுத்தேன். பழக்கத்தில் செய்கிறவள் விசிறியை நிறுத்தமாட்டாள்.

எங்கள் கரையில் ஒருவரின் படத்துக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மறுநாள் காலைக்குள் அது ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டது. வளைகுடாவில் இருந்த மாமியின் இளைய மகன் அம்மாவை அழைத்து, "எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டிருக்கிறான். மாமிக்கு ஒன்றும் விளங்குவதற்குள் பக்கத்துத் தெருப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் வந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்று வருடமாக மாமி வீட்டுக்குள் வரவிடாமல் வைத்திருந்த சாவு அன்றைக்கு வந்துவிட்டது. வேறு கல்யாணத்துக்கு வழி தேடத்தான் மருமகள் இதைச் செய்தாள் என்று ஒருத்தி சொல்ல, மாமி அதைப் பிடித்துக்கொண்டார். அக்கா சத்தியம் செய்தும் கேட்கவில்லை.

அந்தக் காணொளியை நீக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. காரணம் கேவலமானது. அதைப் பார்த்துவிட்டு எங்கிருந்தெல்லாமோ புது ஆர்டர்கள் வந்தவண்ணம் இருந்தன. நீக்கியபிறகுதான் மாமி வீட்டுக்குப் போனேன். அக்கா பிள்ளையோடு அடுக்களை வாசலில் நின்றாள். மாமி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்க மவனப் படம் வரையச் சொன்னது ஆரு?" என்று கேட்டார்.

படத்துக்குச் சம்மதித்தவரே மாமிதான். ஆனால் அவர் அப்போது படத்தைக் கேட்கவில்லை, மெழுகுவர்த்தியைக் கேட்டார். அது எனக்கும் தெரிந்தது, அக்காவுக்கும் தெரிந்தது. 'நானாகத்தான் செய்தேன் மாமி, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லியிருக்க வேண்டும். முழு உண்மையும் அதுதான். "அக்காதான் கேட்டா" என்றேன். அதுவும் உண்மைதான், அதனால்தான் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடிந்தது. அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அன்று மாலையே பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். படத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

இப்போது அவள் களியக்காவிளையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். தாலி கழுத்தில்தான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும், நான் வந்திருப்பது தெரிந்ததும் நின்றுவிடும். என் தொழில் அமோகமாக நடக்கிறது. நான் நீக்கிய காணொளியை யார் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள், அதை எனக்கே அனுப்பி "இதுபோல ஒண்ணு வேணும்" என்கிறார்கள்.

போன மழைக்காலத்தில் மாமி இறந்துபோனார். கடைசிவரை மகனுக்குப் பூசை வைக்கவில்லை. அக்காவை வீட்டுக்குள் விடவில்லை. அடக்கத்தன்று அவள் கோவில் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம். ஒரு வாரத்தில் அந்த இளைய மகனே என்னை அழைத்தான். "அம்மைய ஒரு படம் வரஞ்சு தரணும். செத்தவங்கள நீங்க நல்லா வரைவீங்கன்னு எல்லாரும் சொல்லுதாவ" என்றான். மாமியை வரைந்தேன், நன்றாகவே வந்தது. நான் எங்கேயும் வெளியிடவில்லை, அவன்தான் குடும்பக் குழுவில் போட்டான்.

அன்று மத்தியானம் அக்காவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. இத்தனை வருடத்தில் அவள் எனக்கு அனுப்பியது அது ஒன்றுதான். கடையின் இரைச்சலுக்கு நடுவே நிதானமாகப் பேசியிருந்தாள்.

"படம் பாத்தேன் பிள்ளே. இது சரிதான். இவிய செத்தாச்சு."