அம்மாவின் இரண்டாவது பெஞ்சு

"நம்பிக்கை இல்லாவிட்டாலும் வாருங்கள், கேள்விகளோடு வாருங்கள்" என்று எங்கள் சர்ச்சுக்காக இன்ஸ்டாகிராமில் போஸ்டர் போட்டது நான்தான்.

இன்று காலை ஆராதனைக்கு முன், இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் முன்பின் தெரியாத பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"அது எங்கம்மா உக்கார்ற இடமுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சட்டென்று எழுந்து கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

ஆராதனை முடிந்து எதிர் பேக்கரிக்குப் போனால், அங்கே அந்தப் பெண் டீ குடித்துக்கொண்டிருந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் கம்பெனியில் வேலையாம். சர்ச்சுக்குள் வந்தது இதுதான் முதல் தடவையாம்.

"போஸ்டரப் பாத்துத்தானுங்க வந்தேன். ஏனுங்க, கடைசி வரைக்கும் அம்மா வரலீங்களா?"

வரவில்லை. முழங்கால் வலி வந்ததிலிருந்து அம்மா வீட்டில் உட்கார்ந்து ஆராதனையை லைவில்தான் பார்க்கிறார். அதை டிவியில் வரவைத்துக் கொடுத்ததும் நான்தான். அது தெரிந்தும் பழக்கத்தில் அவளை எழுப்பிவிட்டேன்.

"அம்மா இப்ப வீட்லயே லைவ்லதானுங்க பாக்கறாங்க. அடுத்த வாரம் வாங்க, அங்கேயே உக்காருங்க" என்றேன்.

"பரவால்லீங்க. நானும் லைவ்லயே பாத்துக்கறனுங்க."

லிங்க் கேட்டாள். அனுப்பினேன்.

உங்கள் சர்ச்சில் முதல் தடவை வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? கொஞ்சம் சொல்லுங்கள். அடுத்த போஸ்டரையும் என்னைத்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள்.