கடைக்காரர் சொன்ன பதில்

சாத்தூரில் காராச்சேவு வாங்கிய ஒரு பெண், பெட்டியின் அடியில் இருந்த போன் எண்ணைப் பார்த்து எங்களைக் கூப்பிட்டார். விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு இடமும் இயந்திரமும் ஆலோசனையும் தரும் மையத்தில் அவருக்கு வேலை.

"விளம்பரம் கொடுத்துட்டு உக்காந்திருந்தா விவரம் தெரிஞ்சவங்கதான் வர்றாங்க. அதான் நாங்களே தேடிப் போறோம்" என்றார்.

அந்தப் பெட்டியைச் செய்தது நானும் என் அண்ணன் மனைவியும். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அட்டை வெட்டியவள். மதினி விஸ்வநத்தத்தில் பட்டாசுப் பெட்டி ஒட்டியவர். பிளாஸ்டிக் பைக்குப் பதிலாகப் பலகாரத்துக்கு அட்டைப் பெட்டி என்று வீட்டிலேயே ஆரம்பித்திருந்தோம்.

அந்த மையத்தில் இடம் கேட்டுத் தேர்வுக்குப் போனபோது எதிரே மூன்று பேர். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எவரும் கேட்கவில்லை. நடுவில் இருந்த தொழிலதிபர், "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டா கம்பெனி என்னாகும்?" என்றார்.

மதினி யோசிக்கவே இல்லை. "தெனமும் போடத்தான செய்றோம். லோடு நேரத்துக்குப் போயிரும்."

அவர் சிரித்துவிட்டு, எங்களிடம் பெட்டி வாங்குபவரின் எண்ணைக் கேட்டார். நிரந்தரமாக வாங்கும் கடை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடைக்காரரோ முன்கோபி. எங்கள் முதல் லோடை அவர் திருப்பி அனுப்பியிருந்தார்.

போனை ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"அந்தப் பொம்பளையாளுகளா? மொத லோடு பூராம் எண்ணெய் ஊறிப் போச்சுங்க. வாய்க்கு வந்தபடி ஏசி அனுப்புனேன்."

வீட்டுக்குப் போய் அண்ணனிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"மறுவாரமே வேற அட்டைல செஞ்சு கொண்டாந்துட்டாக. நாங்கூட நாலு நாள் காராச்சேவப் போட்டு வச்சுப் பாத்தேன், கசியல. இப்ப அவுககிட்ட மட்டுந்தான் ஆர்டர். ஏன், எதுவும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லைங்க, நன்றி" என்று தொழிலதிபர் போனை வைத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "தப்பு வந்தா என்ன செய்வீங்கன்னுதான் கேக்க இருந்தேன். அவரே சொல்லிட்டாரு. அடுத்த மாசத்துல இருந்து வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன, அழுகுறியா?" என்றார் மதினி.

"இல்ல மதினி, பசிக்கு."

காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புரோட்டா தின்றோம். மதினி இரண்டு தடவை சால்னா கேட்டு வாங்கினார்.